ஜெர்மனியில் தட்டுமுட்டுச் சாமான் வாங்கப் போனால்...

நம் சங்கத்து உறுப்பினர்களில் பலர் வீட்டில் ஒரு பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். புறப்படும்போது ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறோம், பருப்புப் பொடி கட்டிக் கொடுக்கிறோம். போய் இறங்கிய ஊரில் எதன்மேல் படுப்பது, எதன்மேல் சமைப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. 2023-இல் என் மகளும் மாப்பிள்ளையும் நான்கு வயதுப் பேரனும் ஸ்டுட்கார்ட் நகரில் குடித்தனம் வைத்தபோது ஏறக்குறைய மூன்று மாதம் நானும் கூட இருந்தேன். அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, பார்த்ததை எழுதுகிறேன்.

ரயில்வே வேலையில் எட்டு ஊர் மாறியவன் நான். மாற்றல் உத்தரவு வந்தால் கிட் பாஸில் சாமான்களை ஏற்றிவிட்டுப் புது குவார்ட்டர்ஸுக்குப் போவோம். எவ்வளவு பழைய குவார்ட்டர்ஸானாலும் சமையல் மேடை இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், பல்பு மாட்ட ஹோல்டர் இருக்கும். ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் சுவர், கதவு, குளியலறை, அவ்வளவுதான். குடியிருந்தவர் காலி செய்யும்போது சமையலறையையே கழற்றிக்கொண்டு போய்விடுவார். அடுப்பு, ஸிங்க், அலமாரி, மேடைப் பலகை எல்லாம் போய், குழாய் வாயும் மின்சாரப் பெட்டியும் மட்டும் சுவரில் மிஞ்சும். கூரையில் விளக்கு இருந்த இடத்தில் ஒயர் தொங்கும். வீட்டு விளம்பரத்தில் 'இ.பி.கே.' என்ற மூன்றெழுத்து இருந்தால்தான் பொருத்திய சமையலறை உண்டு என்று பொருள். 'மூன்று அறை வீடு' என்றால் கூடத்தையும் சேர்த்து மூன்று. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது.

மகள் எடுத்த வீட்டில் முன்பு இருந்தவர் தம் சமையலறையை 2,400 யூரோவுக்கு விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தார். இந்த வழக்கம் அங்கே சகஜம். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது; அதைக் கட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இது இன்னொரு செலவு. "பழைய சாமானுக்கு இவ்வளவா?" என்று மகளுக்கு அரை மனசு. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸிங்குக்கு அடியில் படுத்துவிட்டேன். மரத்தூள் பலகை தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். ஊதிய பலகை மறுபடி சமமாகாது. ஒரு மூலையில் ஊதியிருந்தது. கீல்கள் நன்றாக இருந்தன. அடுப்பு சரி, ஃபிரிட்ஜுக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளை பழைய பில்லைக் கேட்டார். இப்படிக் கைமாறும் பொருளுக்கு அதன் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத விலை கேட்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. 1,500-க்கு முடிந்தது. புதிதாகப் போட்டிருந்தால் அளவெடுத்து, ஆர்டர் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்திருப்பார்கள். மின் அடுப்பு மூன்று பேஸ், 400 வோல்ட் இணைப்பு. உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அதைத் தொடவேண்டும், ஆயுள் முழுக்க ஒயரோடு புழங்கிய மாமனார் தொடக்கூடாது!

அடுத்து கட்டில். இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மூர் பெரிய மெத்தை 72-க்கு 78 அங்குலம், அதாவது ஏறக்குறைய 183-க்கு 198 சென்டிமீட்டர். அங்கே 180-க்கு 200. ஆசையாகக் கொண்டுபோன ஓரம் தைத்த விரிப்புகள் ஒரு பக்கம் தளரும், ஒரு பக்கம் எட்டாது. இரட்டைக் கட்டில் என்றாலும் 90 சென்டிமீட்டர் மெத்தை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் அங்கே பரவலான பழக்கம். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். நடுவில் படுக்கும் குழந்தை அந்தப் பள்ளத்தில்தான் தூங்கும். ஒற்றை மெத்தை வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கவேண்டும். தலையணை 80-க்கு 80 சதுரம். நம் கழுத்துக்கு அது தலையணையாகத் தெரியவில்லை, மெத்தையாகத்தான் தெரிந்தது.

பலகையாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் தரும் சாமான்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவீடனின் ஐக்கியா நிறுவனம் 1956-இல் மேஜைக் காலைக் கழற்றித் தட்டையாகக் கட்டி விற்கத் தொடங்கியது. 1974-இல் மியூனிக் அருகே ஜெர்மனியின் முதல் கடையைத் திறந்தது. நம் நாட்டுக்கு 2018-இல் ஹைதராபாத் வழியாக வந்தது. படத்தைப் பார்த்து ஆலன் கீயால் முடுக்கினால் ஒரு மாலையில் அலமாரி எழுந்து நின்றுவிடும். எழுப்புவது சுலபம், வீடு மாறும்போது பிரித்து மறுபடி முடுக்கினால்தான் தெரியும். மரத்தூள் பலகையில் ஆணி பிடித்த துளை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். தண்டவாளத்தில் ஃபிஷ் பிளேட் போல்ட் தளர்ந்தால் மறுபடி இறுக்கலாம். பலகைத் துளையை அப்படி இறுக்க முடியாது.

இழுப்பறை அலமாரியைச் சுவரோடு பிணைக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். குழந்தைகள் இழுப்பறையைப் படியாக்கி ஏறி, அலமாரி மேலே சாய்ந்து இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2016-இல் அமெரிக்காவில் மட்டும் ஐக்கியா 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை போடலாமா என்று மாப்பிள்ளை தயங்கினார். அளவாகப் போடலாம், காலி செய்யும்போது பூசி அடைத்துக் கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிரில்லிங் மெஷினை எடுக்கக்கூடாது. நம்மூரில் முன்பெல்லாம் சுவரில் மரக்கட்டை அடித்து அதில் ஆணி இறக்குவோமே, அந்தக் கட்டைக்குப் பதிலாக வந்த நைலான் பிளக்கை 1958-இல் உருவாக்கிய ஆர்தர் ஃபிஷர், ஸ்டுட்கார்ட்டுக்குத் தென்மேற்கே கருங்காட்டுப் பகுதிக்காரர். அவர் ஊர்ப்பக்கத்தில் அவர் பிளக்கை அடித்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

மேஜையும் நாற்காலிகளும் பழையதாகவே வாங்கினோம். வயதானவர்கள் வீட்டைச் சுருக்கும்போது கெட்டி மரச் சாமான்களைக் கொடுத்துவிடுகிறார்கள். தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய பொருள் கடைகளிலும் கிடைக்கும். விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் 'ஃபௌ.பே.' என்று இருந்தால் பேரம் பேசலாம். நாலு பேர் உட்காரும் பீச் மர மேஜை 40 யூரோ. தோளில் தூக்கி வந்தோம். தெருவில் கழித்துக்கட்ட வைத்திருக்கும் சாமான்களையும் சிலர் எடுப்பதுண்டு. மெத்தையையும் துணி தைத்த சோபாவையும் மட்டும் அப்படி எடுக்காதீர்கள். மூட்டைப்பூச்சியும் கூடவே வரும்.

சோபாவில்தான் வீட்டில் மனத்தாங்கல் வந்தது. மாப்பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வேண்டும். மகள், "ரெண்டு வருஷமா, இருபது வருஷமான்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் வாங்கலாம்" என்றாள். கடையில் நின்றபடியே இந்தப் பேச்சு. விற்பனைப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று. நான் பக்கத்துக் கட்டிலின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவன் சொல்லக்கூடிய பதில் எதுவும் அந்தக் கேள்விக்கு என்னிடம் இல்லை.

கடைசியில் ஆர்டர் கொடுத்தார்கள். துணி, நிறம், கால் எல்லாம் தேர்ந்தெடுத்தபின்தான் தொழிற்சாலையில் செய்யத் தொடங்குவார்கள். பத்து வாரம் என்றார்கள், பதினான்கு ஆயிற்று. அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். கட்டணத்தில் 'நடைபாதை ஓரம் வரை' என்று எழுதியிருப்பதை மாப்பிள்ளை முன்கூட்டியே படித்து, மாடிக்கு ஏற்றத் தனியாகப் பணம் கட்டியிருந்தார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. பில்லைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்: புதுப் பொருளில் குறை இருந்தால் இரண்டு ஆண்டு வரை விற்றவர் பொறுப்பு. கணினி வழி வாங்கியதைப் பதினான்கு நாளில் திருப்பலாம், ஆனால் உங்கள் அளவுக்கென்று செய்ததற்கு அது கிடையாது. கடையில் நேரே வாங்கியதற்கும் அந்த உரிமை இல்லை. கடைக்காரர் மனம் வைத்தால்தான் உண்டு.

கிரைண்டர் நம்மூரிலிருந்தே போயிற்று. அங்கேயும் 230 வோல்ட், 50 சைக்கிள்தான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிறு முழுக்கக் கூடாது. அதனால் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அந்த 1,500 யூரோ மேடையில், ஊதாத மூலையாகப் பார்த்து வைத்து மகள் மாவு அரைக்கிறாள்.