இருவர் பாட்டும் இலவசக் குடையும்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குச் சமீபமாக, ஒரு மாலை வேளையில், மருமானுடன் உட்கார்ந்திருந்தோம். நம் மடியில் ஒரு பொட்டலம் மக்ரூன். அவன் கையில் வழக்கம்போல் செல்போன். அதிலிருந்து 'வாடி புள்ள வாடி' என்று ஒரு பாட்டுக் கிளம்பி அலையோசையை அடக்கிக்கொண்டிருந்தது.

"பக்கவாத்தியம் யாரப்பா?" என்று விசாரித்தோம்.

"பக்கவாத்தியமாவது, மாமா! எல்லாம் கம்ப்யூட்டர். ஆட்கள் இரண்டே பேர்" என்றான்.

ஆதி, ஜீவா என்ற அந்த இரண்டு பேரும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் பிரசித்தி பெற்றவர்கள். ஆதி கோயம்புத்தூர்க்காரர். அவருடைய முகம் ஊருக்கெல்லாம் தெரியும். ஜீவாவின் முகம் அவ்வளவாகத் தெரியாது. பாட்டில் பாதி அவருடையது என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. ஹிப்ஹாப் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தாளம் ஒரு பக்கம் விடாமல் நடக்க, அதன்மேல் வசனமும் பாட்டுமாகச் சொற்களை அடுக்கிக்கொண்டு போவதுதான் அந்த வித்தை. இந்தச் சீமையில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. அங்கே குடமும் உடுக்கையும். இங்கே கம்ப்யூட்டர் எழுப்பும் முழக்கம். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வெகு காலமாகப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்றே ஆகியிருந்தது. படம் பிடிப்பவர் ஒருவர் கூப்பிட்டால்தான் பாடகனுக்கு வாழ்வு. இந்த வாலிபர்கள் அந்த வாசலில் காத்து நிற்கவில்லை. 2011ஆம் வருஷத்தில் 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு யூடியூப் வழியாகக் காட்டுத்தீப் போல் பரவியது. குடித்துத் திரியும் நாகரிகப் பெண்களைக் கடிந்து பாடிய பாட்டு அது. ஆண்கள் குடித்தால் மட்டும் கலாசாரம் பிழைத்துக்கொள்ளுமா என்று அப்பொழுதே பலர் கேட்டார்கள். நம் அபிப்பிராயமும் அதுவே. ஆனால் கேட்காதவர்கள் இல்லை. மறு வருஷம், 2012இல், 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற தொகுப்பு வெளிவந்தது.  பாட்டு முன்னே போய் ஊருக்கு அறிமுகம் செய்து வைக்க, பாடியவர்கள் பின்னாலேயே மேடைக்கு வந்தார்கள். அதன் பிறகு சினிமாவே அவர்களைத் தேடி வந்தது. 2013இல் 'எதிர் நீச்சல்' படத்தில் பாடினார்கள். 2015இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களுக்கு இசையமைத்தார்கள். 2017இல் ஆதி தம் கதையையே 'மீசைய முறுக்கு' என்று படமாக எடுத்து, தாமே நடிக்கவும் செய்தார். ஏறு தழுவுதலை ஆதரித்துப் பாடிய 'டக்கரு டக்கரு' வந்ததும் அந்த வருஷத் தொடக்கத்தில்தான். அது எந்தப் படத்துக்கும் உரியதல்ல என்பது கவனிக்கத் தக்கது.

இவ்வளவையும் மருமான் ஒரு மூச்சில் சொல்லி முடித்தான். "சரி, இந்தப் பாட்டுக்கு நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டோம்.

"இலவசம், மாமா!"

இலவசம் என்ற சொல்லைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து கேட்டால் வேறொரு ஞாபகம் வருகிறது. இந்தக் கரையில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் வருஷம் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, பிள்ளையவர்களும் குறைத்தார். கடைசியில் அந்தக் கம்பெனி பிரயாணிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தது! 1908இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. இலவசக் குடை வாங்கியவர்கள் அதை எத்தனை மழைக்குப் பிடித்தார்களோ!

இன்று பாட்டைச் செய்வது சுலபம். வீட்டிலே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் இருந்தால் போதும். அதை அன்றிரவே லண்டனிலும் கோலாலம்பூரிலும் கேட்கச் செய்யலாம். ஆனால் சுமந்து போகும் கப்பல் யாருடையது? அது கடல் கடந்த கம்பெனிகளுடையது. கேட்பவரிடம் காசு வாங்காமல், நடுவில் விளம்பரம் காட்டிப் பணம் பண்ணுகிறார்கள். ஒரு முறை கேட்டதற்குப் பாடியவருக்குக் கிடைப்பது மிக அற்பம்.

2021 மார்ச்சில் தீயும் அறிவும் சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கேளாத வீடு உண்டா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து பிறந்த பாட்டு அது. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. ஆயினும் மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டினால் தமக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார். ஆங்கிலேயர் காலத்தில் இக்கடலில் மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு கூறு கிடைத்தது; மற்ற இரண்டும் சர்க்காருக்கு. அநியாயம் என்று அதைச் சொல்லி வந்தோம். அந்த முத்துக்குளிப்பும் 1961உடன் நின்றுவிட்டது. இப்பொழுது பார்த்தால், கரையில் கண் முன்னே கூறு போட்டு எண்ணிக் கொடுத்தார்கள் என்பதே பெரிதாகப் படுகிறது.

ஆகையால்தான் பாடகர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். மேடையில் டிக்கெட் வாங்கி வந்தவர் எத்தனை பேர் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணக்கை யாரும் மறைக்க முடியாது. 'ஹிப்ஹாப் தமிழா'வும் சினிமாவில் இத்தனை பேர் வாங்கிய பிறகும் மேடைக் கச்சேரியை விடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி இங்கேதான் இருக்கிறது. நாடகக் கம்பெனிகள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் சுற்றிய பழக்கம் நமக்குப் புதிதல்லவே.

இருட்டிவிட்டது. மக்ரூனும் தீர்ந்துவிட்டது. பாட்டின் நடுவே ஏதோ பற்பசை விளம்பரம் புகுந்து கத்த ஆரம்பித்தது. மருமான் அதை அவசரமாய் அமர்த்திவிட்டு, அடுத்த தடவை அவர்கள் பக்கத்து ஊருக்கு வந்தால் தன் கைக்காசில் நமக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குவதாகச் சொன்னான். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு மட்டும் நாமே கொண்டுவர வேண்டுமாம்.