"இது என்ன நிறம்?" என்று முதலில் கேட்காதீர்கள்

"மிஸ், எதைக் காட்டினாலும் இவன் சிவப்பு எண்டுதான் சொல்லுறான். மூளை வளர்ச்சி குறைவோ?"

வவுனியாவுக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் வீடு வீடாகச் சென்றபோது ஓர் இளம் தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். மகனுக்கு மூன்று வயது. தாய் ஒரு கரட்டைத் தூக்கி, "இது என்ன நிறம்? சொல்லு!" என்று அதட்டினார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

நான் ஒரு சிவப்புப் போத்தல் மூடியை நிலத்தில் வைத்து, "இதைப்போல இன்னொன்று கொண்டு வாங்கோ" என்றேன். கொடியில் கிடந்த அக்காவின் சிவப்பு றிபனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் கண்ணுக்கு நிறம் தெரிந்திருந்தது. பெயர்தான் வாயில் வரவில்லை.

பந்தைத் தொட்டுப் பார்க்கலாம். பூனை கத்துவதைக் கேட்கலாம். ஆனால் சிவப்பைத் தனியே எடுத்துக் கையில் கொடுக்க முடியாது. அது செவ்வரத்தம்பூவிலும் இருக்கும், சட்டையிலும் இருக்கும். போதாததற்கு நாம் பச்சைத் தண்ணீர் என்கிறோம். அதில் பச்சை நிறம் இல்லை. பச்சைப்பிள்ளை என்கிறோம், அதிலும் இல்லை. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

1907 இல் ரோம் நகரின் ஏழை மக்கள் குடியிருப்பில் சிறுவர் இல்லம் ஆரம்பித்த மரியா மொண்டிசோரி அம்மையார் இதை நன்கு விளங்கியிருந்தார். அவரது முதலாவது நிறப்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டுமே சோடி சோடியாக இருக்கும். முதலில் பிள்ளை சோடி சேர்க்கும். பின்னர் பெயர் பழக்குவதற்கு மூன்று படிகள்: "இது சிவப்பு" என்று சொல்லிக் கொடுப்பது, "சிவப்பைத் தாருங்கோ" என்று கேட்பது, கடைசியில்தான் "இது என்ன நிறம்?" என்பது. நாமோ கடைசிப் படியில் தொடங்கிப் பரீட்சை வைக்கிறோம். பதில் வராவிட்டால் ஏசுகிறோம்.

இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை.

விளையாட்டு: போத்தல் மூடிகள், தையலில் மிஞ்சிய சீலைத்துண்டுகளை நிறவாரியாகச் சிரட்டைகளில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் மூடியை வாயில் வைக்கக்கூடும், அருகில் இருங்கள்.

பாட்டு: உங்களுக்குத் தெரிந்த மெட்டில், "மஞ்சள் சட்டை போட்டவர் எழும்புங்கோ" என்று நீங்களே கட்டிப் பாடுங்கள். நிறத்தை மாற்றி மாற்றிப் பாடினால் பிள்ளை தன் சட்டையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வாசிப்பு: பழைய நாட்காட்டி, பத்திரிகைப் படங்களை வெட்டி, பக்கத்துக்கு ஒரு நிறமாக ஒட்டித் தையுங்கள். இரவில் மடியில் வைத்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கேள்வி வேண்டாம்.

ஐந்து வயதாகியும் சிவப்பையும் பச்சையையும் சோடி சேர்க்கவே தடுமாறினால் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். பிறப்பிலேயே வரும் நிறக்குருடு ஆண்பிள்ளைகளிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. அதுவும் மூளைக் குறைபாடு அல்ல.

சில வாரங்களின் பின் அந்த வீட்டுக்கு மீண்டும் போனேன். யாரும் கேட்காமலே அவன் என் குடையைக் காட்டி "நீலம்" என்றான். குடை கறுப்பு. தாய் என்னைப் பார்த்தார், ஏசவில்லை. "இது கறுப்பு, ராசா" என்றார் மெதுவாக.

அவர் முதற்படிக்கு வந்துவிட்டார். பிள்ளையும் தலையைக் குனியவில்லை.