டிராக்டர் தெர்மோஸ்டாட்: கழற்றி எறியாதீர்கள், மாற்றுங்கள்

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று சொல்லி, எங்கள் வீட்டு டிராக்டரின் தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் ஒருவர் கழற்றிப் போட்டார். அடிக்கடி சூடேறிய இன்ஜின் அதன்பின் சூடேறவில்லை. நானும் நிம்மதியடைந்தேன். இரண்டு ஆண்டுகளில் லைனர், பிஸ்டன், ரிங் என்று பெரிய செலவு வந்தது. தேய்மானத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் பங்குண்டு என்பது அப்போதுதான் புரிந்தது.

தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சிறு வால்வுதான் தெர்மோஸ்டாட். வாய்க்கால் மடை போன்றது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, தண்ணீரை உள்ளேயே சுற்ற விடும். பல இன்ஜின்களில் 82 டிகிரி செல்சியஸை ஒட்டி, அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து, வால்வைத் திறக்கும்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

மருந்து தெளிப்பு, டிரெய்லர் ஓட்டம் போன்ற இலகுவான வேலைகளில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாது. முழுமையாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்து, லைனரும் ரிங்கும் தேயும். டீசல் செலவும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால், உழவு போன்ற கடின வேலையில் சூடு கூடவும் செய்யும்.

பழுதை அறிவது எப்படி?

வெகுநேரம் ஓடியும் வெப்பமானி முள் கீழேயே நின்றால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். முள் சிவப்புக்கு ஏறியும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகவில்லை என்றால், மூடியபடி சிக்கியிருக்கலாம். தண்ணீர் குறைவு, தளர்ந்த ஃபேன் பெல்ட், தூசி அடைத்த ரேடியேட்டர் ஆகியவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

நீங்களே மாற்றலாம்

* இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே தொடுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.
* வால்வு இருக்கும் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்ட்டைப் பாத்திரத்தில் வடியுங்கள். அது விஷம், இனிப்பாக இருப்பதால் மாடும் நாயும் குடித்துவிடும். தொட்டி, வாய்க்கால் பக்கம் ஊற்றாதீர்கள்.
* மேல் ஹோஸைக் கழற்றி, அது சேரும் மூடியின் போல்ட்டுகளை எடுங்கள். வால்வு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதை செல்போனில் படமெடுத்துக் கொள்ளுங்கள். பொதுவாக மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்கும்.
* துவாரத்தில் துணி அடைத்து, பழைய கேஸ்கெட்டைக் கீறல் விழாமல் சுரண்டி எடுங்கள். முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.
* புதிய வால்வையும் சோதியுங்கள். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதிக்கும் முன் திறந்து, ஆறியதும் மூட வேண்டும்.
* புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் மூடி விரிசல் விடும். வால்வில் காற்றுத் துளை இருந்தால், அது மேல்பக்கம் வர வேண்டும்.
* ஹோஸை மாட்டி, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைப் போடாமல் மெதுவேகத்தில் ஓட விட்டு, சற்றுத் தள்ளி நில்லுங்கள். காற்றுக்குமிழ் வெளியேறி மட்டம் இறங்கினால் மேலும் ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு, கசிவைப் பாருங்கள்.

உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். படியும் உப்பு வால்வையே சிக்க வைக்கும். உங்கள் டிராக்டர் கையேட்டில் குறித்துள்ள திறப்பு வெப்பநிலையைச் சொல்லியே உதிரிபாகம் கேளுங்கள். தெர்மோஸ்டாட் சிறு செலவு. இன்ஜின் வேலை அந்த ஆண்டு வெள்ளாமையையே விழுங்கிவிடும்.