சி மொழியில் ‘எழுத்து’ என்னும் தரவினம்

சி என்னும் கணிப்பொறி மொழியில் ஒவ்வொரு மாறிக்கும் தரவினத்தை முன்னரே அறிவித்தல் வேண்டும். நினைவகத்தில் அதற்கு எத்தனை பைட் ஒதுக்குவது என்பது அவ்வறிவிப்பைப் பொறுத்தது. ஆயினும் 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம் பெரும்பாலான இனங்களுக்குக் கீழெல்லையை மட்டுமே வகுத்தது. முழுவெண்ணுக்குரிய ‘இண்ட்’ 16 பிட்டுக்குக் குறையலாகாது. பழைய 16 பிட் கணிப்பொறிகளில் அது பெரும்பாலும் 2 பைட், பின்வந்தவற்றில் 4.

‘சார்’ இதற்கு விலக்கு. அதன் அளவு எப்பொறியிலும் 1 பைட்டே. எழுத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் ஆதலின் இதனை ‘எழுத்து’ எனப் பெயர்ப்பதுண்டு. இடர்ப்பாடு இங்குதான் பிறக்கிறது.

இலக்கணப்படி ‘தமிழ்’ மூன்றெழுத்துச் சொல். யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் சொல் முழுதும் 15 ‘சார்’ ஆகிறது. சரத்தின் நீளம் அளக்கும் செயற்கூறும் 15 என்றே விடை தரும். ‘பெயர் பத்து எழுத்துக்கு மேற்படலாகாது’ எனப் பெயர்க்கப்பட்ட விதி நிரலில் 10 பைட்டாக நின்றால், இச்சிறு சொல்லே ‘தமி’ என முறியும். ழகரத்தின் முதற் பைட் மட்டும் பொருளற்று எஞ்சும்.

இதற்கு மாற்றாக வந்த ‘அகன்ற சார்’ விண்டோசில் 2 பைட், லினக்சில் பொதுவாக 4 பைட். அதனைக் கொண்டு எண்ணினும் 5 வருமேயன்றி 3 வராது.

ஆகவே தரவினப் பெயராக வருமிடத்துச் ‘சார்’ என்றே ஒலிபெயர்த்தல் தகும். பயனர் காணும் அறிவிப்பில் ‘எழுத்து’ என எழுதுமுன், நிரல் எதனை எண்ணுகிறது என்பதை நிரலாளரிடம் கேட்டறிதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.