நாள் தள்ளிய விண்கலம்

2012ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் தமையனார் மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துவந்த அவனுக்கு விண்வெளிச் செய்தி என்றால் உணவும் வேண்டாம், உறக்கமும் வேண்டாம். அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸ் என்னும் தனியார் நிறுவனம், டிராகன் என்று பெயரிட்ட சரக்குக் கலம் ஒன்றைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பவிருந்தது. பிப்ரவரி 7 என்று முதலில் சொன்ன நாள் அவன் வருவதற்கு முன்பே கழிந்துவிட்டது. ஏப்ரல் 30 என்றார்கள், நாட்காட்டியில் வட்டமிட்டான். மே 7 என்றார்கள். முதல் வட்டத்தை அடித்துவிட்டு வேறொரு வட்டமிட்டான். பிறகு மே 19 என்றார்கள்.

"என்ன சித்தப்பா இது! ராக்கெட் நிற்கிறது, கலம் நிற்கிறது. கணிப்பொறிக்கு எழுதிய நிரலைச் சோதிக்க வேண்டுமாம். எழுதியதைப் படித்துப் பார்க்க இத்தனை நாளா?" என்று சலித்துக்கொண்டான்.

நேயர்களுள்ளும் பலருக்கு இந்த ஐயம் எழக்கூடும். ஆதலின் அன்று அவனுக்குச் சொன்னதையும், அதற்குப் பின் உலகம் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கலம் செய்யவேண்டியிருந்த வேலை எத்தகையது என்பதை முதலில் காண்போம். விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் உலகைச் சுற்றிவருகிறது. 400 டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அப்போது அதனுள் ஆறு பேர் இருந்தனர். டிராகன் கலத்திலோ ஒருவரும் இல்லை. அது தானே வழி கண்டு, நிலையத்தின் கீழ்ப்புறமாக ஏறிவந்து, பத்து மீட்டர் தொலைவில் அசையாமல் நிற்கவேண்டும். அசையாமல் என்றால், அதே வேகத்தில் கூடவே ஓடிக்கொண்டு என்று பொருள். அப்போது உள்ளிருப்பவர் நிலையத்தின் நீண்ட இயந்திரக் கரத்தை நீட்டி அதைப் பற்றிக்கொள்வார். எந்தத் தனியார் கலமும் அதுவரை அந்த நிலையத்தை நெருங்கியதில்லை.

நெருங்குவதில் உள்ள ஆபத்தைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ரஷ்யாவின் மிர் நிலையத்தில் புரோகிரஸ் என்னும் சரக்குக் கலம் மோதியது. அதனைத் தொலைவிலிருந்து கையால் இயக்கி இணைக்கும் முயற்சியில் அவ்விபத்து நேர்ந்தது. நிலையத்தின் ஓர் அறையில் துளை விழுந்து காற்று வெளியேறத் தொடங்கிற்று. உள்ளிருந்த மூவரும் அவ்வறைக்குள் சென்ற மின்கம்பிகளை அவசரமாக அகற்றி, வாயிலை மூடி உயிர் தப்பினர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. ஒரு கருவி பழுதானாலும், அதன்மேல் இன்னொன்று பழுதானாலும், கலம் நிலையத்துக்குத் தீங்கு செய்யாமல் விலகிச் செல்லவேண்டும் என்பது அவர்கள் விதித்த விதி. எப்போது பழுதாயிற்று என்று உணர்வதும், எத்திசையில் விலகுவது என்று முடிவு செய்வதும் யார்? கணிப்பொறி நிரல்தான்.

இனி, சோதனை என்பது என்ன? எழுதியதைப் படித்துப் பார்ப்பது அதில் மிகச் சிறிய பகுதி. கலத்தில் பறக்கும் கணிப்பொறிகளையே, அல்லது அவற்றைப் போன்றனவற்றையே, தரையில் ஒரு மேசைமீது பரப்பிக் கம்பிகளால் இணைத்துவிடுகிறார்கள். எதிர்ப்புறத்தில் வேறொரு கணிப்பொறி அமர்ந்து, அவற்றை ஏமாற்றத் தொடங்குகிறது. "நீ இப்போது இன்ன உயரத்தில் இருக்கிறாய், நிலையம் இன்ன தொலைவில் தெரிகிறது, உன் சிறு உந்துபொறிகளுள் ஒன்று வேலை செய்யவில்லை" என்று பொய்யுரைக்கிறது. மேசைமீதுள்ள கணிப்பொறி அதை மெய்யென்று நம்பித் தன் கட்டளைகளைப் பிறப்பிக்கிறது. அக்கட்டளைகளின் விளைவைக் கணக்கிட்டு எதிர்ப்புறம் அடுத்த பொய்யைச் சொல்கிறது. நாடகம் போடுவதற்கு முன் ஒத்திகை பார்க்கிறோமே, அதுதான். ஆயினும், இந்த ஒத்திகையில் எந்த நடிகர் எந்தக் காட்சியில் மயங்கி விழுவார் என்பதையும் மாற்றி மாற்றி நடத்திப் பார்க்கவேண்டும். ஒரு பிழை கிடைத்தால் திருத்திவிட்டுத் திருத்திய இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. திருத்தம் வேறெங்கே கையை நீட்டியிருக்கிறது என்று அறிய, பழைய காட்சிகளையும் திரும்ப ஓட்டவேண்டும். நாட்கள் இங்கேதான் கரைகின்றன.

இவ்வொத்திகையைக் குறைத்துக்கொண்டதால் விளைந்த கேட்டுக்கு ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ராக்கெட்டைச் சான்றாகக் காட்டலாம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ என்னும் தளத்திலிருந்து அது முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ நாற்பது விநாடிகளில் வானத்திலேயே சிதறிற்று. நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்கள் அதனோடு அழிந்தன.

காரணம் வியப்பானது. ராக்கெட் எப்பக்கம் சாய்கிறது என்று அளந்து சொல்லும் கருவியின் நிரலை முந்திய ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு பெரிய எண்ணை 16 இலக்கச் சிறு பெட்டிக்குள் அடக்கும் இடம் ஒன்று இருந்தது. அப்பெட்டி 32,767 வரைதான் கொள்ளும். பழைய ராக்கெட்டில் அந்த எண் ஒருநாளும் அவ்வளவு பெருகியதில்லை. புதியதோ வேகமாகச் சாய்ந்து செல்வது, எண் பெருகிற்று, பெட்டி நிரம்பி வழிந்தது, கருவி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. மாற்றாக இரண்டாவது கருவி ஒன்று இருந்ததே என்பீர்கள். இருந்தது. அதிலும் அதே நிரல்தான். ஆகவே அதுவும் ஒரு கணம் முன்னதாகவே நின்றுபோயிருந்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை முதன்மைக் கணிப்பொறி உண்மையான அளவு என்று எண்ணி, இல்லாத சாய்வைத் திருத்த முனைந்து, உந்துபொறிகளின் வாயைத் திருப்பிவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ராக்கெட் தரையைவிட்டு எழும்பிய பின் எதற்கும் பயன்படாத கணக்கு! ஏரியான் 5 செல்லும் பாதையின் எண்களை அக்கருவிக்கு ஊட்டித் தரையில் ஒருமுறை ஓட்டியிருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது.

என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது, "அவர்கள் கவனக்குறைவானவர்கள்" என்றான். நான் உடன்படவில்லை. உடன்பட எனக்குத் தகுதியுமில்லை. ஏனெனில், இளமையில் நான் ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கணக்கு நிரலைச் சோதித்துக் கையெழுத்திடும் பணியில் இருந்தேன். நிரல் இரண்டு பகுதிகளாக எழுதப்பட்டிருந்தது. முதற் பகுதி பண்டிகை முன்பணத்தின் தவணையைக் கழித்து மீதியை அடுத்த பகுதிக்குக் கொடுத்தது. அடுத்த பகுதியை எழுதியவர், வருவது கழிக்காத தொகை என்று எண்ணி, தாமும் கழித்தார். தனித்தனியே சோதித்தபோது இரண்டும் சரியான விடையையே தந்தன. சேர்த்து ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் கேட்டேன். மாதக் கடைசி, தீபாவளி வேறு நெருங்கிற்று. "இரண்டும் சரியாகத்தானே இருக்கின்றன?" என்றார் மேலாளர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, கையெழுத்திட்டேன். சம்பள நாளன்று வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் சீட்டை என்முன் நீட்டி, "ஐயா, வாங்கின கடன் ஒன்று. பிடித்தது மட்டும் இரண்டா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை வாயில்வரை நீண்டிருந்தது. பணம் பின்னர்த் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால் தீபாவளிக்குப் பிறகுதான்.

இதே பிழை, இதே வடிவத்தில், வானத்தில் நிகழும் என்று அப்போது நான் நினைத்ததில்லை. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், போயிங் நிறுவனம் தன் ஸ்டார்லைனர் கலத்தை ஆளில்லாமல் சோதனையாக அனுப்பியது. அட்லஸ் ராக்கெட் குறையின்றித் தூக்கிச் சென்றது. ஆனால் கலம் ராக்கெட்டிடமிருந்து நேரத்தைத் தவறான தருணத்தில் கேட்டு வாங்கிக்கொண்டதால், அதன் கடிகாரம் 11 மணி நேரம் பிசகி இருந்தது. பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிய கலம், எரிபொருளை வீணே செலவிட்டு, நிலையத்தை அடைய முடியாமலே திரும்பிற்று. திரும்புவதற்குச் சில மணி நேரம் முன்னர், நிரலில் இன்னொரு பிழையையும் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அது தப்பியிருந்தால், கழற்றிவிடப்பட்ட பின்பகுதி மீண்டும் கலத்தின்மேல் வந்து மோதியிருக்கக்கூடும். பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்திருந்தனர். ராக்கெட்டையும் கலத்தையும் இணைத்து முதலிலிருந்து இறுதிவரை ஒரே ஓட்டமாக நடத்தவில்லை. அத்தகைய ஓட்டம் ஒன்றுக்கு 25 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பின்னர் விளக்கம் கூறினார்கள். அடுத்த சோதனைப் பயணத்துக்குப் போயிங் தன் கணக்கில் ஒதுக்கிய தொகையோ 41 கோடி டாலர்!

மீண்டும் டிராகனுக்கு வருவோம். தாமதத்தால் ஸ்பேஸ்எக்ஸுக்கு நட்டமில்லாமல் இல்லை. நாசாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு படியும் நிறைவேறினால்தான் அப்படிக்குரிய பணம் கிடைக்கும். நாள் கடந்தால் செலவு நிறுவனத்தின் தலையில். நாளையும் விருப்பம்போல் குறிக்க முடியாது. நிலையத்தின் பாதை ஏவுதளத்துக்கு நேராக வரும் அந்தக் கணத்திலேயே புறப்படவேண்டும். அன்று தவறினால் மூன்று நாள் காத்திருக்கவேண்டும்.

மே 19ஆம் நாள் பிற்பகல், நம் நேரப்படி இரண்டரை மணிக்குச் சற்று முன்பு, நாங்கள் இருவரும் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்திருந்தோம். எண்ணிக்கை சுழியத்துக்கு வந்தது, தீப்பிழம்பு தோன்றியது, உடனே மறைந்தது. ஒன்பது எஞ்சின்களுள் நடுவிலிருந்த ஒன்றில் அழுத்தம் கூடுதலாக இருப்பதை உணர்ந்த கணிப்பொறி, புறப்பாட்டைத் தானே நிறுத்திவிட்டது. என் அண்ணன் மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். நானோ, உண்மையைச் சொல்வதானால், கைதட்டினேன். பழுது ஒரு சிறு வால்வில் என்று கண்டு அன்றே மாற்றிவிட்டார்கள்.

மே 22ஆம் நாள் கலம் புறப்பட்டது. 25ஆம் நாள் நிலையத்தை நெருங்கியபோது, தொலைவை அளக்கும் லேசர்க் கருவிக்கு ஜப்பானியரின் கிபோ என்னும் அறையிலிருந்து எதிரொளி பட்டுக் குழப்பம் உண்டாயிற்று. மேசைமீது ஆடிய ஒத்திகைகளில் இந்தக் காட்சி இல்லை போலும். கலத்தை நிறுத்தி, கருவியின் பார்வைப் பரப்பைக் குறுக்கிவிட்டு, மீண்டும் மெல்ல முன்னேறச் செய்தார்கள். நம் நேரப்படி இரவு ஏழரை மணி அளவில் டான் பெட்டிட் என்னும் விண்வெளி வீரர் இயந்திரக் கரத்தால் அதைப் பற்றினார். மறுநாள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். உள்ளே 460 கிலோ சரக்கு, உணவும் உடையுமாக, கட்டிவைத்தபடியே இருந்தது. புதிதாக வாங்கிய காருக்குள் வீசும் மணம் அதனுள் வீசுவதாக அவர் தரைக்குச் சொல்லியனுப்பினார்.