பழைய வரைகலை அட்டையும் பழுதறியும் நெறியும்

கணிப்பொறியின் உள்ளே கணக்கிடும் உறுப்பு ஒன்று. கணக்கிட்டதைத் திரையில் எழுதிக் காட்டும் உறுப்பு மற்றொன்று. இரண்டாவது பணிக்குரியதே வரைகலை அட்டை. கடைத்தெருவில் இதனைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். மையச் செயலி இடும் கட்டளைகளைப் புள்ளிகளாக மாற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தைத் தன் நினைவகத்தில் நிரப்பி, நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ திரைக்கு அனுப்புவது இதன் தொழிலாகும்.

தமிழ்த்துறை மலரில் இவ்வட்டைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். தமிழ் எழுத்து திரையேறிய வரலாற்றிலேயே ஓர் அட்டைக்குப் பங்குண்டு. அந்நாளைய கணிப்பொறித் திரை, வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகள் என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துள் அடங்கும். நம் ‘ணை’யும் ‘கொ’வும் அதில் எங்ஙனம் அடங்கும்? ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் வெளியிட்ட வி.ஜி.ஏ. முறை 640-க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் தந்ததாயினும், எழுத்துக் கட்டத்தின் இடுக்கண் தீரவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ என்னும் செருகட்டையே, இந்திய எழுத்துகளை அத்திரைகளில் காட்டும் வழியொன்றைத் திறந்தது. இன்று யூனிக்கோடு முறையால் அவ்வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது. ஆகவே இக்காலத்து மாணவர் வரைகலை அட்டையை நாடுவது எழுத்துக்காக அன்று. படத்தொகுப்புக்கும், வடிவமைப்புக்கும், விளையாட்டுக்குமே. விளையாட்டைப் பெரியோர் விரும்புவதில்லை என்பது தெரிந்ததே. ஆயினும் திருமண நிகழ்படங்களைத் தொகுத்துக் கொடுத்துத் தம் கல்விக் கட்டணத்தைத் தாமே ஈட்டும் மாணவரும் நம்மிடையே உளர் என்பதை அவர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

புதிய அட்டை பல பதினாயிரம் ரூபாய் விலை பெறும். எனவே திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி இளைஞர் பழைய அட்டையைத் தேடிச் சென்னைக்கு வண்டியேறுகின்றனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் மின்வண்டியில் வருவோர் சென்ட்ரலில் இறங்கும் வளாகம் மூர் மார்க்கெட்டின் பெயரைத் தாங்கி நிற்பது. பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற அம்மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. அங்கே தந்தையர் பழைய நூலைப் புரட்டிப் பார்த்து விலை பேசினர். மைந்தர் இன்று அதே இடத்தில் இறங்கிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக நடந்து, ரிச்சி தெருவில் பழைய அட்டையைப் புரட்டிப் பார்த்து விலை பேசுகின்றனர். நூலின் குறை புரட்டினால் தெரிந்துவிடும். அட்டையின் குறை அங்ஙனம் தெரியாது.

சந்தைக்கு இத்துணைப் பழைய அட்டைகள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஈதீரியம் என்னும் மின்னணு நாணயத்தை உருவாக்க உலகெங்கும் வரைகலை அட்டைகளை இரவு பகலாக ஓட்டிவந்தனர். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் அவ்வலையம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அன்றோடு அவ்வட்டைகள் வேலையிழந்து விற்பனைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை என்பது மிகைக்கூற்று. அடிக்கடி சூடேறி அடிக்கடி ஆறுவதே அட்டையின் பற்றவைப்புகளை வருத்துவது. ஒரே சூட்டில் இடைவிடாது ஓடிய அட்டை, விசிறி தேய்ந்திருப்பினும் உள்ளே நலமாக இருத்தல் கூடும். இதனினும் அஞ்சத்தக்கது போலி. 2011இல் வந்த ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. அட்டையின் உள்நிரலை மாற்றி எழுதி, அதனை 2016இன் 1050 டி.ஐ. என விற்றோர் உண்டு. முன்னதில் கணிப்பு உறுப்புகள் 192, பின்னதில் 768. ஜி.பி.யு.-இசட் என்னும் சிறு மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளைக் காட்டிக்கொடுக்கிறது. கடையிலேயே அதனை ஓட்டிப் பார்த்து வாங்குதல் நன்று.

இனிப் பழுதறியும் நெறிக்கு வருவோம். சுவடிப் பதிப்பை அறிந்தோர்க்கு இது புதிதன்று. டாக்டர் உ.வே.சா. அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார்கள். ஓரிடத்தில் பாடம் சிதைந்திருப்பின், அச்சிதைவு மூலத்திலேயே உள்ளதா, படியெடுத்தவர் கையில் நேர்ந்ததா என்று துணிவதற்கு மற்றொரு படி வேண்டும். ஒரே சுவடியை எத்தனை முறை உற்று நோக்கினும் விடை கிடையாது. அட்டைக்கும் இதுவே வழி. திரை இருண்டது என்றவுடன் அட்டை கெட்டது எனத் துணிதல் தகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, பழுது அட்டையைத் தொடர்ந்து செல்கிறதா, கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறதா என்று நோக்க வேண்டும்.

தொடக்கத்தில் எளியவற்றைப் பார்த்துவிடலாம். திரையின் கம்பியை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு அட்டையைக் குறை கூறுவோர் பலர். அது அட்டையின் துளையிலேயே இருத்தல் வேண்டும். மாறாக, அட்டையைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் துளையில் படம் வருகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனையே. ஆனால் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்னும் எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் படம் காட்டும் பகுதி இயங்காது. அங்கே திரை இருண்டிருப்பது இயல்பு. அடுத்து, மின்னிணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, அட்டையை மெல்லக் கழற்ற வேண்டும். அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் துகளைத் துடைத்து மீண்டும் அழுத்திச் செருக வேண்டும். கடற்காற்றும் ஆலைத் தூசும் உள்ள ஊர்களில் இஃதொன்றே பல அட்டைகளை உயிர்ப்பித்திருக்கிறது.

மின்சாரம் அடுத்து வருவது. செருகுமிடம் தரவல்லது 75 வாட்; ஆறு முள் இணைப்பு 75 வாட்; எட்டு முள் இணைப்பு 150 வாட். இவ்விணைப்புகளுள் ஒன்று விடுபட்டிருப்பினும் அட்டை விழிக்காது. பெட்டியில் சிறு ஒலிபெருக்கி இருப்பின் அதன் ஒலியைக் கேட்கலாம். அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரு குறிலுமாகக் கூவினால் படக்குறை. அமி பயாஸில் எட்டுக் குறில் என்றால் படநினைவகக் குறை. அசையெண்ணும் பயிற்சியுடைய நம் மாணவர்க்கு இது கடினமன்று. மற்றொன்றும் உண்டு. மிகப் பழைய அட்டைகளில் யூ.இ.எஃப்.ஐ. முறைக்குரிய நிரல் இராது. புதிய மதர்போர்டில் சி.எஸ்.எம். என்னும் பழைய முறை அடைக்கப்பட்டிருப்பின், அட்டை நலமாயிருந்தும் திரை இருண்டே கிடக்கும். இக்காரணத்தாலேயே நல்ல அட்டையைக் கழிவென்று எறிந்தோர் உளர்.

படம் வந்தும் சிதைந்து வருமாயின், எப்போது சிதைகிறது என்பதே வினா. மின்விசையை அழுத்தியவுடன், விண்டோஸ் தோன்றுமுன்னரே, நிறப்புள்ளிகளும் கோடுகளும் தோன்றுமேல் குற்றம் பெரும்பாலும் அட்டையின் நினைவகத்தில் அல்லது அதன் பற்றவைப்பில் உள்ளது. விண்டோஸ் வந்தபின்பே சிதையுமாயின் டிரைவர் என்னும் இயக்கு மென்பொருளை ஐயுறலாம், டி.டி.யூ. என்னும் கருவியால் பழையதை அடியோடு நீக்கிவிட்டுப் புதியதை நிறுவிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் டிவைஸ் மேனேஜரில் 43 என்னும் பிழையெண் நீங்காதிருப்பின் அட்டையின்மேல் ஐயம் வலுக்கும். ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் மட்டும் அணையுமாயின் காரணம் சூடு, அல்லது மின்வழங்கியின் வலுவின்மை. கத்திரி வெயிலில் அறையே 40 பாகையை எட்டும்போது, அட்டையின் விசிறி தள்ளுவதும் அவ்வெப்பக் காற்றையே அன்றோ? வெப்பமானி எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஓட்டினால், அணைவதற்கு முன் சூடு ஏறியதா, ஏறாமலே அணைந்ததா என்பது புலப்படும்.

நான் அறிந்த மாணவர் ஒருவர், விடுமுறையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் வேலை பார்த்துச் சேர்த்த கூலியில் பழைய அட்டை வாங்கித் தாமே கணிப்பொறி கோத்தார். படத்தொகுப்பைத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் திரை அணையும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சினந்து, சண்டையிடவே புறப்பட்டார். புறப்படுமுன் அந்த அட்டையை நண்பரின் கணிப்பொறியிலும், நண்பரின் அட்டையைத் தம் கணிப்பொறியிலும் மாற்றிப் போட்டுப் பார்க்குமாறு கூறினேன். இவருடைய அட்டை அங்கே மாலை முழுதும் ஓடியது. நண்பரின் அட்டையோ இங்கே பத்து நிமிடத்தில் அணைந்தது. சூடும் ஏறவில்லை. குற்றவாளி, மலிவு விலைக்குப் புத்தம் புதிதாக வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. பழையது குற்றமற்றது; புதியதே பழுது. விற்றவரும் ஒரு பழியிலிருந்து தப்பினார்.

இங்கே பழுதறிதல் பொறியியலோடு நின்றுவிடாமல் நீதியோடும் தொடர்புறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றில் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காதது ஏன் என்று விற்றவரை வினவி, ஏமாற்றுவோன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் எனக் கண்டித்ததும் நம் சமுதாயத்தார் நன்கறிந்த செய்தி. இதன்வழி வணிகச் சட்டம் வகுத்த மார்க்க அறிஞர், மறைந்திருந்த குறை வெளிப்படின் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவர்க்கு அளித்தனர். ஆனால் அக்குறை விற்பனைக்கு முன்னரே இருந்திருக்க வேண்டும். வாங்கியவர் கையில் வேறொரு புதுக்குறை நேர்ந்துவிட்டால், அப்படியே திருப்பித் தரும் உரிமை பொதுவாகத் தளர்ந்து, விலைக் குறைப்பு என்னும் ஈடாக மாறும். எந்தக் குறை எப்போது எவரிடம் நேர்ந்தது என்பதே வழக்கின் உயிர்நாடி.

எனவே சோதனைகளின் வரிசை முதன்மையானது. மீட்கக்கூடிய சோதனைகளை முதலில் செய்க. அட்டையின் வரிசை எண்ணைப் படமெடுத்து வைக்க. திரை சிதைவதைக் கைப்பேசியில் பதிவு செய்க. கடைக்காரர் ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று சில நாள் கெடு தந்திருப்பின், அந்நாள்களுள் கடுமையாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வாங்கி வந்து பெட்டியிலேயே வைத்திருப்பது பேதைமை. கெடு முடியுமுன் திருகாணியைக் கழற்றிப் புதிய வெப்பப்பசை தடவுதல் கூடாது. நன்மை கருதிச் செய்ததாயினும், அதன்பின் கடைக்காரர் ‘நீ திறந்தாய்’ என்று கூறுவதற்கு இடமுண்டாகும். அவர் கூற்றிலும் நியாயம் இருக்கும்.

கெடு கடந்த அட்டைக்குப் பசை மாற்றலாம், விசிறி மாற்றலாம். அட்டையை அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்தால் பிழைக்கும் என்றொரு வைத்தியம் பரவியுள்ளது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. 183 பாகையில் உருகிய ஈயக் கலவையின் இடத்தில், ஏறத்தாழ 217 பாகையில் உருகும் வெள்ளீய–வெள்ளி–செம்புக் கலவை பெருகியது. 2008இல் என்விடியா நிறுவனமே தன் சில சில்லுகளின் பொதிவுப் பொருள் வலுவற்றது என்று ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவினம் ஒதுக்கியது. அத்தகைய சில்லு சூடேற்றினால் சில நாள் விழிக்கும், பிறகு உறங்கிவிடும். குறை சில்லின் உள்ளே இருக்க, வெளியே சுடுவது எப்படி மருந்தாகும்? பழைய பலகையை உணவு சமைக்கும் அடுப்பில் வைப்பது நஞ்சை வீட்டுக்குள் அழைப்பதாகும். சுட்டுப் பிழைக்க வைத்த அட்டையை அதைச் சொல்லாமல் விற்பது, நனைந்த தானியத்தை அடியில் வைப்பதேயன்றி வேறன்று.

வீட்டின் மின்னிணைப்பையும் நோக்க வேண்டும். கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டால் விரலில் ஊறுவதுபோல் தோன்றுமேல் எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். மின்வழங்கியின் வடிகட்டி கசியவிடும் மின்சாரம் போக்கிடமின்றிப் பெட்டியில் நிற்கிறது. அந்நிலையில் ஓடும் கணிப்பொறியில் எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகுவது அட்டைக்கும் திரைக்கும் கேடு. மின்பணியாளரை அழைத்து எர்த் போடுவதற்காகும் செலவு ஓர் அட்டையின் விலைக்கு மிகவும் குறைவு.

எல்லாம் செய்தும் பிழைக்காத அட்டையைத் தெருக்குப்பையில் இடலாகாது. செம்புக்காக எரிப்பாரிடம் கொடுத்தலும் ஆகாது. மின்னணுக் கழிவுக்கென 2011இல் வந்த விதிகள் 2016இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டுள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலேயே இக்கழிவைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் உள்ளன. துறை மாணவர் தம் வீடுகளில் கிடக்கும் பழம்பலகைகளை ஓரிடத்தில் சேர்த்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்ற ஆலையொன்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேர அனுப்பிவிடலாம். விசிறியும் வெப்பத்தகடும் நல்ல நிலையில் இருப்பின் அவற்றை முன்னரே கழற்றி வைத்துக்கொள்க. வேறோர் அட்டைக்கு உதவும்.