‘தேய்மானம்’ என்றதும் படுத்துவிட வேண்டாம்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் எக்ஸ்ரே உறையோடு வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினார். “எலும்பு தேஞ்சு போச்சாம். இனி மிஷின்லயே உட்காரக் கூடாதோ?” கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. வலியைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் வாட்டியது.

படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல

முதுகெலும்புகளுக்கு நடுவே 23 வட்டுகள் இருக்கின்றன. பேச்சுவழக்கில் ‘ஜவ்வு’ என்கிறோம். வயது ஏற ஏற நீர்ச்சத்து குறைந்து அவை தட்டையாகும். தலை நரைப்பது போலத்தான். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் இந்தத் தேய்மானம் தெரியும். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதபோது, வலி வந்த முதல் வாரமே ஸ்கேனுக்கு ஓடத் தேவையில்லை.

வலி எங்கிருந்து வருகிறது?

அக்காவின் கடைக்குப் போய்ப் பார்த்தேன். முதுகுக்குப் பிடிமானமில்லாத ஸ்டூல். பல்பு முதுகுக்குப் பின்னால் எரிந்ததால், ஊசிமுனையில் அவர் நிழலே விழுந்தது. நூல் கோக்கத் தலை மார்பு வரை தாழ்ந்தது. நம் தலை சுமார் 5 கிலோ. குனியக் குனிய அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் பாரம் பல மடங்காகும். மணிக்கணக்கில் செல்போனைக் குனிந்து பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இடுப்புக்கு வேறு தொல்லைகள். 20 லிட்டர் தண்ணீர் கேனை முழங்காலை மடக்காமல் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்புவது அதில் ஒன்று. தூக்கக் குறைவும் மனக்கவலையும்கூட வலியைக் கூட்டும்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் தசை, தசைநார்ப் பிடிப்புதான். பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் போல இழுத்தால், பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் இளகுகிறது என்று இளைஞர் ஒருவர் சொன்னால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம்.

எதில் குணமாகும்?

திடீரென வந்த முதுகுவலி பலருக்கு ஆறு வாரங்களுக்குள் தணிந்துவிடும். முடங்கிப் படுத்தால் தசை இன்னும் தளரும். வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

சலூனில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

அக்கா பல்பை முன்பக்கம் மாற்றினார். சாய்மான நாற்காலி வாங்கினார். ஒரு பிளவுஸ் முடிந்தால் எழுந்து நாலு தப்படி நடக்கிறார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சியையும் விடவில்லை. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தள்ளிப்போடக் கூடாதவை

சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலமிழத்தல் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால், கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.